குழந்தை என்று நினைத்திருந்தோம்

எனக்கு வாந்தி வர ஆரம்பித்தபோது எங்கள் வரிசையில் இருந்த நாலு வீட்டிலும் சந்தோஷப்பட்டார்கள்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கெலமங்கலத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் நாலு வீடு, மாடியில் வீட்டுக்காரம்மா. ஓசூரில் வண்டிகளுக்குள் ஓடும் வயர்களை அளந்து, நறுக்கி, கட்டாகக் கட்டி அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. லைனில் நின்றுகொண்டு டேப் சுற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டினார். காலையில் அவர் பஸ்ஸை எடுத்து வந்து சந்தை மைதானத்தில் நிறுத்துவார். கெலமங்கலத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருந்து வரும் பெண்கள் ஏறுவார்கள். நானும் ஏறுவேன். பஸ்ஸுக்குள் அவர் டிரைவர், நான் லைன் ஆள். அவ்வளவுதான் பேச்சு.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒன்று வந்தது, தங்கவில்லை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம், நான் சிங்காரப்பேட்டையில் மாமியார் வீட்டில் இருந்தபோது, ஏழாம் மாதத்தில் கால் இரண்டும் வீங்கின. முகம் ஊதிப்போனது. தலைவலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரஷர் ஏறிவிட்டது என்றார்கள். குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டேன். அந்த பிரஷர் குழந்தையோடு வந்தது, குழந்தையோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யாரும் என் கையில் பட்டை கட்டிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் எங்கும் போய் நிற்கவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருந்தது.

அதனால்தான், பல வருஷம் கழித்து ஒரு காலையில் கண்ணாடி பார்த்தபோது இமைகள் உப்பி, கண் பாதி மூடினாற்போல இருந்ததும் எனக்குப் பயம் வரவில்லை. எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது. அந்த ஏழாம் மாதத்து முகம்.

சாயங்காலம் கம்பெனி ஷூவைக் கழற்றினால் சாக்ஸின் விளிம்பு காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. நாள் முழுக்க நிற்கிற காலுக்கு வீக்கம் வருவது எங்கள் லைனில் அதிசயம் இல்லை. மூன்று பேருக்காவது இருக்கும். ஆனால் என் கால் காலையிலும் முழுசாக வற்றவில்லை. அதோடு இரவில் இரண்டு மூன்று தரம் எழுந்து போக வேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் நுரை. பினாயில் மிச்சம் இருக்கும்போல என்று நினைத்து, ஒருநாள் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் நுரைத்தது. தண்ணீர் ஊற்றினாலும் உடையாமல், கெலவரப்பள்ளி அணை திறக்கும்போது ஆற்றோரம் வெள்ளை நுரை ஒதுங்கி நிற்குமே, அதுபோல நின்றது. இதைப் போய் யாரிடம் சொல்வது? சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வாய் திறந்தார். அவர் வீட்டுக்காரர் சந்தைக்கு எதிரே பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் அவரை பாய் என்போம். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் பிரியாணி என்றால் எனக்கும் ஒரு தட்டு உண்டு. மற்றவர்களுக்குப் போவதற்கு முன்னால் அடிக்கறியோடு எனக்கு வரும். அந்த ஞாயிறு அவர் தட்டை நீட்டியபோது நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிட்டது.

முகம் கழுவிக்கொண்டு வந்தால் அக்கா தட்டைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நாள் தள்ளிப் போயிருக்குதா?"

"ஆமாக்கா. ரெண்டு மாசமா இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ!"

"என்னத்தக்கா சொல்றது? இந்த வயசுல நின்னு போறதும் உண்டுதானே."

"அதெல்லாம் இப்ப நிக்காது. காலப் பாரு, மூஞ்சியப் பாரு. அல்லா குடுக்கணும்னு நெனச்சா எந்த வயசுலயும் குடுப்பான்."

அவர் அப்படிச் சொன்னதும் என் வாயில் இருந்த கசப்புகூடக் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. ஒரு மாதமாகவே வாயில் இரும்பை நக்கினாற்போல ஒரு ருசி. டீ குடித்தாலும் அதே ருசி, சோறு தின்றாலும் அதே ருசி. மூன்று வேளைச் சாப்பாடு ஒரு வேளை ஆகியிருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. கம்பெனியில் வயர் தோலைச் சீவும் தூசி என்று நினைத்து இரண்டு தரம் குளித்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு காரணம், அதுவும் நல்ல காரணம் கிடைத்தபோது, நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஓசூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் என்னைத் தெரியாத ஒரு மெடிக்கலில் டெஸ்ட் அட்டை வாங்கினேன். ஒரு கோடுதான் விழுந்தது. ஒரு வாரம் கழித்து இன்னொன்று வாங்கினேன். அதிலும் ஒரு கோடு.

"அந்த அட்டைய நம்பாத. எனக்கு ரெண்டாவது பொண்ணு வயித்துல இருந்தப்பவும் அப்படித்தான் காட்டுச்சு" என்றார் அக்கா.

என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவே இல்லை. ஆனால் காம்பவுண்டில் எது நிற்கும்? மாடி வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். தண்ணீர் பிடிக்க இறங்கும்போதெல்லாம் என் தோளைத் தொட்டு "பாகுன்னாவா?" என்று கேட்க ஆரம்பித்தார். நன்றாக இருக்கிறாயா என்று அவர் அதற்கு முன் என்னைக் கேட்டதே இல்லை. பஸ்ஸிலும் பெண்கள் எனக்கு முன் சீட்டை விட்டுவிட்டார்கள். பின்சீட்டில் தூக்கிப் போடுமாம்.

இவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் கெலமங்கலத்திலிருந்து ஓசூர் வரைக்கும் உள்ள வேகத்தடைகளில் பஸ் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நின்று, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. முன்பெல்லாம் அவர் ஓட்டினால் கையில் இருக்கிற டிபன் பாக்ஸ் மடியிலிருந்து குதிக்கும். "டிரைவரண்ணா இன்னிக்கு மாட்டு வண்டி ஓட்டுறாரு" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று அன்றைக்குப் புரிந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் பேசினார்.

"டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டிடலாமா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"இல்ல, போன தடவ மாதிரி ஆயிடக்கூடாது. ஆரம்பத்துலயே பாத்துடலாம்."

'போன தடவை' என்று அவர் வாயிலிருந்து நான் கேட்பது அதுதான் முதல் தரம். அதற்கு மேல் நான் மறுத்துப் பேசவில்லை.

ஓசூரில் ஒரு லேடி டாக்டர். நடுவயது, கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். அக்காவும் கூட வந்தார். இவர் டூட்டி மாற்றிக்கொண்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் அக்காதான் எல்லாவற்றையும் சொன்னார். வாந்தி, நாள் தள்ளியது, கால், முகம். டாக்டர் கேட்டுக்கொண்டே என் கையில் பட்டையைக் கட்டினார். காற்று அடித்தார். காற்றை விட்டார். மறுபடி அடித்தார். பிறகு என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கையில் பார்த்தார்.

"பிரஷருக்கு மாத்திர சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

யோசித்தேன். "குழந்தை போனப்போ."

அவர் என் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு எடுத்தார். விரல் இருந்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ராத்திரி எழுந்து போறீங்களா?"

"போறேன்."

"நுரை வருதா?"

அந்தக் கேள்வியை ஒருத்தர் கேட்க முடியும் என்றே நான் நினைத்திருக்கவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்து, "வருதுங்க, ரொம்ப நாளா" என்றேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"அரிப்பு? வாயில ஒரு மாதிரி ருசி? கறி வாசன பிடிக்கலியா?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலைவலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். தலைவலிக்கும் கால்வலிக்கும் மெடிக்கலில் கொடுக்கும் வலி மாத்திரையை வாரத்துக்கு நாலைந்து போட்டுக்கொள்வேன் என்றேன். லைனில் பாதிப் பேர் அப்படித்தான். அவர் திட்டவில்லை. "அத இன்னியோட நிறுத்திடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கேன் பார்த்தார்கள். சிறுநீர், ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். அக்கா பையிலிருந்து ஆப்பிள் எடுத்து நறுக்கி எனக்கு ஒரு துண்டு, இவருக்கு ஒரு துண்டு கொடுத்தார்.

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். காகிதத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"குழந்தை இல்லம்மா. அத மொதல்ல தெளிவா சொல்லிடறேன். உங்க கிட்னி ரெண்டும் சரியா வேலை செய்யல. ரத்தத்துல கழிவு நின்னு போயிருக்கு, அதான் வாந்தி. சிறுநீர்ல புரதம் போகுது, அதான் நுரை. தண்ணி தங்குது, அதான் வீக்கம். ரத்தம் கம்மியா இருக்கு, அதான் மூச்சு வாங்குது. மாசாமாசம் வர்றது நின்னதும் இதனாலதான் இருக்கும்."

நான் ஒவ்வொன்றுக்கும் 'அதான்' என்று சேர்த்து வைத்திருந்த காரணத்தை அவர் ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் அக்காதான் அழுதார். "நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நான்தான் சொன்னேன்" என்று அதையே சொன்னார். டாக்டரே தண்ணீர் கொடுத்தார்.

இவர் கேட்டது ஒன்றே ஒன்று. "உசுருக்கு ஒண்ணும் இல்லியே மேடம்?"

"நல்ல நேரத்துக்கு வந்துட்டீங்கன்னு சொல்ல முடியாது. ரொம்ப லேட்டுன்னும் சொல்ல முடியாது. கிட்னி டாக்டர் ஒருத்தருக்கு எழுதித் தர்றேன். நாளைக்கே போங்க."

அன்றைக்கு நாங்கள் பாயின் கடை வண்டியில் போயிருந்தோம். இவர்தான் ஓட்டினார். திரும்பி வரும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி, மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினார். பழகிப்போன கை. வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது நான் சொன்னேன். "இனிமே சாதாரணமா ஓட்டுங்க."

"பரவால்ல" என்றார். அடுத்த வேகத்தடையிலும் அப்படியேதான் ஓட்டினார்.

கிட்னி டாக்டர் இளைஞர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கிட்னியும் சுருங்கியிருப்பதைக் காட்டினார். சுருங்கியிருந்தால் இது நேற்று இன்றைக்கு வந்ததில்லை, பல வருஷமாக மெல்ல மெல்ல நடந்தது என்று அர்த்தமாம். அந்தக் குழந்தையின்போதே கிட்னியில் கோளாறு இருந்து அதனால் பிரஷர் வந்ததா, இல்லை அப்போது வந்த பிரஷர் போகாமல் இருந்து கிட்னியைத் தின்றதா என்று கேட்டேன். "ரெண்டுல எதுன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. ரெண்டும் ஒண்ண ஒண்ணு கெடுக்கும்" என்றார். நூற்றில் இருபது பங்குதான் வேலை செய்கிறது, அந்த இருபதைக் காப்பாற்றுவதுதான் இனி நம் வேலை என்றார். போனது திரும்பாது. இருப்பதை எத்தனை நாள் நிறுத்தி வைக்க முடியும் என்பது பிரஷரைப் பொறுத்தது, உப்பைப் பொறுத்தது, கண்ட மாத்திரை தின்னாமல் இருப்பதைப் பொறுத்தது.

"இவ்வளவு கெட்டுப் போற வரைக்கும் எனக்கு ஒரு வலிகூட இல்லியே டாக்டர்" என்றேன்.

"வலிக்காது. அதுதான் இதுல கஷ்டம்."

சமையல் மாறியது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வீட்டை விட்டுப் போயின. குழம்பில் உப்புப் பாதியானது. முதல் வாரம் இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். தனக்கு மட்டும் உப்பு போட்டுக்கொள்ளச் சொன்னேன். "உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணா?" என்று மறுத்துவிட்டார். பிறகு அவர் பஸ் நிறுத்தும் இடத்தில் பஜ்ஜிக் கடையில் நிற்பதை நானே பார்த்தேன். பார்த்ததைச் சொல்லவில்லை. மனுஷனுக்கு அதுவாவது வேண்டாமா? ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்ததால் இளநீரும் வாழைப்பழமும் கூடாது என்றார்கள். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி ரோடு முழுக்கப் பழக்கூடை. நான் கேட்டுக் கேட்டு, டாக்டர் கடைசியில் ஒரு சின்னத் துண்டு சாப்பிடலாம் என்றார். அந்த ஒரு துண்டைத் தோலோடு வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தின்றேன்.

மாமியார் சிங்காரப்பேட்டையிலிருந்து வந்தார். கையில் ஒரு டப்பா, அதில் கறுப்பாக ஒரு சூரணம். யாரோ ஒருவருக்குக் கல்லையே கரைத்ததாம்.

"இது கல்லு இல்லம்மா" என்றார் இவர்.

"கிட்னிதானே? எல்லாம் ஒண்ணுதான். வேர்தானே, என்ன பண்ணிடப் போகுது?"

"டாக்டர் எழுதாதது எதுவும் கூடாதுன்னிருக்காரு. அதுல என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியாது. இருக்கிறத அது கெடுத்துட்டா?"

மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவ்வளவு தூரம் பஸ் மாறி மாறிக் கொண்டுவந்த டப்பா. நான் அதை வாங்கி அலமாரியில் வைத்தேன். சாப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் உப்புக் குறைத்த சுரைக்காய்க் கூட்டை அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றார். ஊருக்குப் போகும்போது என் காலைக் குனிந்து பார்த்து, "வீக்கம் வத்தியிருக்குது" என்றார். வற்றித்தான் இருந்தது.

மாத்திரையும், ரத்தம் ஊறுவதற்குத் தோலுக்கடியில் போடும் ஊசியும் சேர்ந்து, இரண்டு மூன்று மாதத்தில் வாந்தி நின்றது. இரும்பு ருசி குறைந்தது. படி ஏற முடிந்தது. பிறகு ஒருநாள், கம்பெனியில் லைனில் நிற்கும்போது, மாதாமாதம் வருவது மறுபடி வந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். டாக்டர் முன்னால் வராத அழுகை, வீட்டில் வராத அழுகை, எல்லாம் அங்கே வந்தது. குழந்தை இல்லை என்று என் தலைக்கு எப்போதோ தெரியும். உடம்புக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததுபோல இருந்தது. முகம் கழுவிக்கொண்டு திரும்ப வந்து டேப்பைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் நின்றவள் என்னைப் பார்த்தாள். என் பங்கு வயரில் இரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில்தான் சிக்கல். அந்தப் பெண்கள் இன்னும் எனக்கு முன் சீட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். வயிறு தெரியவில்லையே என்று அவர்களுக்குள் பேச்சு வந்திருக்கும். என்னிடம் கேட்கக் கூச்சம். கலைந்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, என் முன்னால் பிள்ளை பேச்சே எடுக்காமல் இருந்தார்கள். அந்த அமைதி எனக்கு வாந்தியைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு சாயங்காலம், பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் நான் திரும்பி உட்கார்ந்து சொன்னேன்.

"எல்லாரும் நெனச்ச மாதிரி குழந்தை இல்லப்பா. எனக்குக் கிட்னி கெட்டுப் போச்சு. அதனாலதான் வாந்தி."

இவர் ரேடியோவை அணைத்தார். பிறகு, முன்பு மாட்டு வண்டி என்று கத்தியவள்தான் முதலில் கேட்டாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சாங்க?"

சொன்னேன். காலையில் இமை வீங்கியது, சாக்ஸ் பள்ளம், விரல் வைத்தால் குழி நின்றது, இரவில் எழுந்து எழுந்து போனது, அரிப்பு, கறி வாசனை. நுரையைச் சொல்லும்போது குரல் தானாக இறங்கியது. முன்னால் டிரைவர் சீட்டில் இவர் இருந்தார். ஆனாலும் சொன்னேன்.

"எனக்கும் சாயங்காலம் கால் வீங்குதே" என்றாள் ஒருத்தி.

"காலையில வத்திடுதா?"

"வத்திடுது."

"அப்ப நின்னு நின்னு வர்றதா இருக்கும். ஆனா நான் டாக்டர் இல்ல. பிரஷர் பாத்துட்டு வா. ஒரு தடவ பாக்கிறதுல என்ன?"

பின்சீட்டில் சூளகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயது இருக்கும், பிரசவத்தில் பிரஷர் வந்து ஆபரேஷன் செய்தவள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் பக்கத்தில் நின்று, "அக்கா, எனக்கும் அப்ப பிரஷர் இருந்துச்சு. அதுக்கப்புறம் பாக்கவே இல்ல" என்றாள். அடுத்த வாரம் கம்பெனி நர்ஸிடம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவளுக்குப் பிரஷர் அதிகமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். கால் வீக்கம் என்றவளுக்கு எல்லாமே சரியாக இருந்தது. இரண்டு பேர் பயந்துகொண்டு இன்றுவரைக்கும் பார்க்கப் போகவில்லை. நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி என்னைக் கண்டால் வேறு சீட்டுக்குப் போய்விடுகிறாள்.

சூப்பர்வைசரிடம் டாக்டர் சீட்டைக் காட்டியதும் என்னை லைனிலிருந்து எடுத்து, உட்கார்ந்து பார்க்கும் செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். முடிந்த வயர்க் கட்டை விளக்கடியில் வைத்துக் கிளிப் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. சம்பளம் அதேதான். காலுக்கு நல்லது.

அக்கா கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பேசினால் அழுகை வந்துவிடுகிறது என்று பாயிடம் சொன்னாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நீங்க குழந்தைன்னு சொல்லலன்னா நான் டாக்டர்கிட்டயே போயிருக்க மாட்டேன். இவரும் கூப்பிட்டிருக்க மாட்டாரு. கால் வலிக்கு ரெண்டு மாத்திர போட்டுட்டு நின்னிருப்பேன்."

அவர் அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார். பிறகு, "உப்பு கம்மியா ஒரு தட்டு தனியா ஆக்கித் தரட்டுமா? கறி எத்தன துண்டு தின்னலாம்?" என்று கேட்டார்.

"ரெண்டு சின்னத் துண்டு."

"நாலு வெக்கிறேன். ரெண்ட உங்க வீட்டுக்காரருக்குக் குடு" என்றார்.

இப்போது வருஷங்கள் ஓடிவிட்டன. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஓசூர் போய் ரத்தம் கொடுக்கிறேன். போன முறை டாக்டர் என் இடது கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பைத் தடவினார். "இனிமே இந்தக் கையில ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீங்க. எப்பவாவது டயாலிசிஸ் தேவப்பட்டா இந்த நரம்புதான் வேணும்" என்றார்.

இவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "எப்ப தேவப்படும் சார்?"

"தெரியாதுங்க. வருஷக் கணக்குல ஆகலாம். நம்பர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நகருது. வேற வழியும் இருக்கு, யாராவது கிட்னி குடுக்க முன்வந்தா. அத அப்ப பேசலாம்."

"என்னுது பொருந்துமான்னு இப்பவே பாத்து வெச்சுக்கலாமா?" என்று கேட்டார் இவர். வீட்டில் அவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் சிரித்தார். "அவசரம் இல்லைங்க. உங்க பிரஷர நீங்க பாத்துக்கங்க மொதல்ல. பஜ்ஜி எல்லாம் சாப்பிடுவீங்களா?"

வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றோம். அன்றைக்கு அவருக்கு டூட்டி இல்லை, நாங்களும் மற்றவர்களைப்போல டவுன் பஸ்ஸில்தான் போக வேண்டும். லேப்பில் ரத்தம் எடுத்த வலது கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன்.

"பசிக்குதா?" என்று கேட்டார்.

பசித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டல் இருந்தது. இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டினோம்.